நெஃபிலா என்னும் பொன்வலைச் சிலந்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுப் பாதையில் மஞ்சள் நூலில் பெரிய வலை பார்த்தேன். அது எந்தச் சிலந்தி?

மலைப்பகுதியிலோ மரங்கள் அடர்ந்த தோட்டத்திலோ பார்த்திருந்தால், பெரும்பாலும் அது நெஃபிலா பிலிப்பெஸ். இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா, தென் சீனா, ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை பரவியிருக்கும் இனம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. பெண் சிலந்தியின் உடல் மட்டுமே 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கால்களை விரித்து அளந்தால் உள்ளங்கையைத் தாண்டிவிடும். நீண்ட கருநிற வயிற்றின் முதுகில் மஞ்சள் கோடுகள் ஓடும். கால்கள் கருமையாக, மூட்டுகளில் மஞ்சளாக இருக்கும்.

நான் முதன்முதலில் இதைக் கண்டது ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில். முன்னால் நடந்த தொழிலாளிப் பெண் சட்டென்று நின்று, கையை நீட்டி என்னையும் நிறுத்தினார். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, என் தலைக்குச் சற்று மேலே, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது சிலந்தி. வெயில் சாய்வாக விழுந்ததும் வலை முழுவதும் பொன்னிறமானது. அவர் வலையைக் கலைக்காமல் குனிந்து அடியில் புகுந்து போனார். நானும் அப்படியே போனேன். அன்றிலிருந்து இந்தச் சிலந்திகளைப் பின்தொடர்ந்து வருகிறேன்.

நெஃபிலா என்ற பெயரை யார் வைத்தார்கள்? என்ன பொருள்?

ஆங்கிலேய விலங்கியலாளர் வில்லியம் எல்ஃபோர்ட் லீச் 1815இல் வைத்த பெயர் இது. நூல் நூற்பதில் ஆசை கொண்டது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைத்தார். பொருத்தமான பெயர்.

பிலிப்பெஸ் என்பது இலத்தீன் சொல். மயிர் அடர்ந்த கால் என்று பொருள். அது லீச் வைத்ததன்று. அவருக்கு முன்பே, 1793இல், டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் இந்த இனத்தை விவரித்து அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார். அப்போது அது வேறு பேரினத்தின் கீழ் இருந்தது.

பேரினம், இனம், குடும்பம்: எளிதாகச் சொல்ல முடியுமா?

ஒன்றோடொன்று கூடி வளமான குஞ்சுகளைப் பெறக்கூடிய உயிர்களின் கூட்டத்தை ஓர் இனம் என்கிறோம். நெருங்கிய உறவுள்ள இனங்கள் சேர்ந்தது பேரினம். பேரினங்கள் சேர்ந்தது குடும்பம். அறிவியல் பெயரில் முதலில் வருவது பேரினம், அடுத்து வருவது இனம். நெஃபிலா பிலிப்பெஸ் என்று சொல்லும்போதே, "நெஃபிலா வம்சத்தில் வந்த பிலிப்பெஸ்" என்று உறவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது. அந்தப் பெயர் ஓர் உறவு முறையைச் சொல்கிறது. அந்த உறவு தவறு என்று தெரியவந்தால் பெயரும் மாறியாக வேண்டும். பெயர் மாறும்போதெல்லாம் "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா" என்று எரிச்சலடைகிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். உண்மையில் அந்த மாற்றம் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு சேதி இருக்கிறது.

ஒரு சின்ன சுவாரசியம். விலங்குகளின் அறிவியல் பெயரிடல் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குவதாகக் கொள்வார்கள். சிலந்திகளுக்கு மட்டும் விதிவிலக்கு. சுவீடன் நாட்டுக் கார்ல் கிளெர்க் 1757இல் வெளியிட்ட சிலந்தி நூலின் பெயர்களும் செல்லும். ஆகவே பெயர் பெறுவதில் சிலந்திகள் மற்ற எல்லா விலங்குகளையும் முந்திக்கொண்டன.

பழைய புத்தகத்தில் நெஃபிலா மேக்குலேட்டா என்று இருக்கிறதே, அது வேறு சிலந்தியா?

இல்லை, அதே சிலந்திதான். ஃபாப்ரிசியஸ் 1793இல் ஒரே இனத்தை இரண்டு பெயர்களில் விவரித்துவிட்டார். நெடுங்காலம் மேக்குலேட்டா என்ற பெயரே வழக்கில் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் அவருக்கு முன்பே வேறொரு சிலந்திக்குச் சூட்டப்பட்டிருந்தது. ஒரே பெயர் இருவருக்கு இருந்தால் முந்தியவருக்கே உரிமை என்பது பெயரிடல் விதி. அதனால் பிலிப்பெஸ் நிலைத்தது. நியூ கினியில் இச்சிலந்தியின் வாழ்க்கையை நெருங்கி ஆராய்ந்து மைக்கேல் ராபின்சனும் பார்பரா ராபின்சனும் 1970களில் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுகளில் மேக்குலேட்டா என்றே இருக்கும். அவற்றைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

நெஃபிலா எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? ஒரு புத்தகத்தில் அரனெய்டே, இன்னொன்றில் நெஃபிலிடே என்று இருக்கிறது.

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வட்ட வலை கட்டும் சிலந்திகளின் பெரிய குடும்பம் அரனெய்டே. 1894இல் பிரெஞ்சு அறிஞர் எழேன் சிமோன், நெஃபிலாவையும் அதன் உறவினர்களையும் வட்டவலைச் சிலந்திகளுக்குள் ஒரு தனிக் குழுவாக வைத்தார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சில உடலமைப்பு ஒற்றுமைகளைக் கொண்டு, இவற்றை நீள்தாடைச் சிலந்திகளின் குடும்பமான டெட்ராக்னாதிடேவுக்கு மாற்றினார்கள். 2006இல் சுலோவீனிய அறிஞர் மத்யாஷ் குன்ட்னர், இவை இரண்டிலும் சேராதவை என்று சொல்லி நெஃபிலிடே என்ற தனிக் குடும்பமாக உயர்த்தினார்.

பிறகு மரபணுக்களைப் படிக்கும் காலம் வந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, நெஃபிலாவின் கூட்டம் அரனெய்டேவுக்கு மிக நெருங்கியது என்று காட்டி, அதனுள்ளேயே ஒரு துணைக்குடும்பமாக வைத்தது. 2019இல் குன்ட்னரும் அவரது குழுவினரும் 367 மரபணுக் குறியீடுகளை ஒப்பிட்டுப் பதில் சொன்னார்கள்: இந்த வம்சம் கிளை பிரிந்தது ஏறத்தாழ 13.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மற்ற சிலந்திக் குடும்பங்கள் பலவற்றைவிட மூத்தது. ஆகவே நெஃபிலிடே தனிக் குடும்பமாக இருப்பதே முறை. 2020இல் வேறொரு குழு அதை மறுத்து, அரனெய்டேவுக்குள் வைப்பதே சரி என்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யார் யாருக்கு உறவு என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. நெஃபிலாவும் அதன் நெருங்கிய உறவினர்களும் ஒரே வேரில் வந்தவை, அரனெய்டேவின் பங்காளிகள். பங்காளிகளைக் கூட்டுக் குடும்பமாக எழுதுவதா, தனிக் குடித்தனமாக எழுதுவதா என்பதே வழக்கு. அதனால் நீங்கள் எந்தப் பெயரைப் பயன்படுத்தினாலும், எந்த ஆய்வைப் பின்பற்றுகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும். என் சொந்தத் தீர்ப்பைக் கேட்டால், நெஃபிலிடே என்றே எழுதுவேன். கீழே வலையைப் பற்றிய பதிலைப் படித்தால் காரணம் புரியும்.

டிரைகோநெஃபிலா என்ற புதிய பெயர் எங்கிருந்து வந்தது?

அதே 2019 ஆய்விலிருந்து. நெஃபிலா என்று ஒரே பெயரில் வைத்திருந்த இனங்கள் ஒரே கிளையில் வரவில்லை. இரண்டு கிளைகளாகப் பிரிந்து நின்றன. ஒரே பேரினம் என்றால் ஒரே கிளையாக இருக்க வேண்டும். எனவே ஒரு கிளைக்குப் புதுப் பெயர் தேவைப்பட்டது. ஃபிரீட்ரிக் டால் 1911இலேயே ஓர் உட்பிரிவுக்கு டிரைகோநெஃபிலா என்று பெயரிட்டிருந்தார். அதையே பேரினமாக உயர்த்தினார்கள். பெயரில் உள்ள "டிரைகோ" மயிரைக் குறிக்கும். இந்தக் கிளையின் பல இனங்களில் பெண்ணின் கால்களில் தூரிகை போன்ற மயிர்க்கொத்துகள் இருக்கும்.

லீச் வைத்த பெயர் பிலிப்பெஸ் இருந்த கிளையுடனேயே தங்கிவிட்டது. அமெரிக்கக் கண்டத்தின் கிளாவிப்பெஸ், ஆஸ்திரேலியாவின் எடுலிஸ், மடகாஸ்கரின் இனௌராட்டா ஆகியவை புதிய பெயருக்குப் போயின. ஜப்பானியர்கள் ஜோரோ என்று அழைக்கும் கிளாவாட்டாவும் அப்படியே. இந்த ஜோரோ சிலந்திதான் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் குடியேறி, அங்கே பரவிக்கொண்டிருக்கிறது.

வலையைப் பார்த்தே நெஃபிலாவைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பொன்னிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நிழலில் அது தெரியாது. வலைக்கு அருகே போய், மூச்சுக்காற்று படாமல் நின்று, நூல்களின் அமைப்பைப் பாருங்கள்.

வட்ட வலை கட்டும் சிலந்தி முதலில் சட்டம் போடும். பிறகு மையத்திலிருந்து ஆர நூல்களை இழுக்கும். அதற்கடுத்து, மையத்திலிருந்து வெளிப்புறமாக அகலமான இடைவெளியில் பசையில்லாத ஒரு சுருள் போடும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போன்றது இது. அதன் மேல் நின்றுகொண்டு, வெளியிலிருந்து உள்நோக்கி, நெருக்கமாகப் பசைச் சுருளைப் போட்டு வரும். சாதாரண வட்டவலைச் சிலந்தி பசைச் சுருள் போடப் போடச் சாரத்தை அறுத்துவிடும். வேலை முடியும்போது சாரம் இருக்காது.

நெஃபிலா சாரத்தைப் பிரிப்பதில்லை. அதை வலையிலேயே நிரந்தரமாக விட்டுவிடும். அதனால் அதன் வலையில் ஓர் அகலக் கோட்டுக்கும் அடுத்த அகலக் கோட்டுக்கும் நடுவே சில நெருக்கமான கோடுகள், மறுபடி ஓர் அகலக் கோடு என்று வரிசை வரிசையாகத் தெரியும். பள்ளியில் ஆங்கிலம் எழுதிப் பழக வாங்கிய நான்கு கோடு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பசைக் கோட்டில் மட்டும் மணி மணியாகத் துளிகள் கோத்திருக்கும். சாரக் கோடு வழுவழுப்பாக இருக்கும். முதல் முறை இதை என் கண்ணால் பார்த்த அன்று, வகைப்பாட்டுப் புத்தகத்தில் வெறும் சொல்லாக இருந்த ஒன்று உயிரோடு முன்னால் நின்றது. நெஃபிலா வம்சத்தைச் சேர்ந்த எல்லாப் பேரினங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. இதைவிடத் தெளிவான குடும்பச் சாயல் வேறு எது?

வேறு அடையாளங்களும் உண்டு. வலையின் மையம் நடுவில் இருக்காது, மேல்விளிம்பை ஒட்டி இருக்கும். சிலந்தி தலைகீழாக நிற்பதால் கீழ்நோக்கி ஓடுவது அதற்கு எளிது. ஆகவே கீழ்ப்பகுதியை அகலமாக வைத்துக்கொள்கிறது. வலையின் முன்னும் பின்னும் ஒழுங்கில்லாத தடுப்பு நூல்கள் இருக்கும். காய்ந்த இலைத் துணுக்குகளும் இரையின் மிச்சங்களும் அதில் தொங்குவதைப் பார்க்கலாம். பல சிலந்திகள் தினமும் வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டும். நெஃபிலா பழுதான பகுதியை மட்டும் புதுப்பிக்கும்.

பெரிய சிலந்தியின் வலையில் சிறு சிலந்திகள் இருக்கின்றனவே, அவை குஞ்சுகளா?

பெரும்பாலும் இல்லை. செந்நிறமாக, அரை சென்டிமீட்டர் அளவில், மையத்துக்கு மேலே ஒதுங்கி நிற்பவை ஆண்கள். ஆம், அவ்வளவு சிறியவை. பெண்ணின் எடையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே வலையில் இரண்டு மூன்று ஆண்கள் காத்திருப்பதும் உண்டு.

ஆண் சுருங்கிப் போனதால் இந்த வேறுபாடு வந்தது என்றுதான் பலர் நினைப்பார்கள். வம்ச வரலாற்றைப் பார்த்தால் பெண்தான் பேருருக் கொண்டது. ஆண் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் என்ற அளவை நோக்கியே நிற்கிறது. பெண்ணின் அளவுக்கும் ஆணின் அளவுக்கும் தொடர்பே இல்லை என்பதும் 2019 ஆய்வின் முடிவுகளில் ஒன்று.

பிலிப்பெஸ் ஆண் கூடும்போது செய்யும் ஒரு காரியத்தை அவசியம் சொல்ல வேண்டும். பெண்ணின் முதுகில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து, மெல்லிய நூலை அதன் மேல் படியவைக்கும். கட்டிப்போடும் அளவுக்கு அந்த நூலில் வலுவில்லை. தொடுதலும் நூலும் சேர்ந்து பெண்ணை அமைதிப்படுத்துகின்றன, ஆண் பிழைத்துக்கொள்கிறது.

வெள்ளி மணி போல மின்னும் மிகச் சிறிய சிலந்திகளையும் வலையில் பார்க்கலாம். அவை ஆர்கைரோடிஸ் என்ற வேறு பேரினம். சொந்தமாக இரை பிடிக்காமல், இந்த வலையில் சிக்கும் சிறு பூச்சிகளைத் திருடித் தின்பவை.

அப்படியானால் குஞ்சுகள் எங்கே?

மண்ணில். பிலிப்பெஸ் பெண் வலையை விட்டு இறங்கி, தரையில் சிறு குழி தோண்டி, முட்டைப் பையை அதில் வைத்து, மண்ணையும் சருகையும் போட்டு மூடிவிட்டுப் போகும். வேறு பல உறவினங்கள் முட்டைப் பையை மரத்திலோ இலையிலோ ஒட்டிவைக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் வலையின் நடுவே பெருக்கல் குறி போட்டிருக்கும் சிலந்தியும் நெஃபிலாவா?

இல்லை. அது ஆர்ஜியோப்பே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரனெய்டே குடும்பம். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து, அந்தக் குறியின் மேலேயே நிற்கும். வெண்பட்டு வளைவு நெளிவாகத் தெரியும்.

நம் பகுதியில் நெஃபிலாவின் உறவினர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

மூன்றைச் சொல்கிறேன். மூன்றையும் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

ஹெரென்னியா: மரத்தண்டோடு ஒட்டி, ஏணி போல நீளமான வலை கட்டும். பழைய வீட்டுச் சுவர்களிலும் இருக்கும். தட்டையான உடல் பட்டையோடு கலந்துவிடும். வலை தண்டிலிருந்து ஒரு விரல் அளவுகூட விலகாது.

நெஃபிலெங்கிஸ் மலபாரென்சிஸ்: பெயரிலேயே மலபாரைச் சுமந்துகொண்டிருப்பது. கூரை இறவாணத்திலும் பாறை இடுக்கிலும் புனல் போன்ற மறைவிடம் அமைத்து, அதிலிருந்து வலையை இறக்கும். இதன் ஆண், கூடலின்போது தன் இனப்பெருக்க உணர்கொடுக்கை உடைத்துப் பெண்ணின் உடலிலேயே விட்டுவிடும். உடைந்த உறுப்பு அதன் பிறகும் விந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும் என்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. உறுப்பை இழந்த ஆண் எடை குறைந்து, போட்டியாளர்களை விரட்டுவதில் கூடுதல் ஊக்கம் காட்டும்.

இண்டோயெட்ரா: இலங்கைக்கே உரியது. 2019 வகைப்பாட்டில் தனிப் பேரினமானது; தெரிந்த இனம் ஒன்றே ஒன்று. பேருருவங்களின் வம்சத்தில் வந்த சிறியவள்.

டைனோசர் காலத்து நெஃபிலா கிடைத்ததாகப் படித்தேன். உண்மையா?

கிடைத்தது உண்மை, நெஃபிலா என்பது பின்னர் மாறியது. சீனாவின் உள் மங்கோலியாவில், 16.5 கோடி ஆண்டுப் பழமையான பாறையில், கால் விரிப்பு சுமார் 15 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெண் சிலந்தி பதிந்திருந்தது. 2011இல் அதற்கு நெஃபிலா ஜுராசிகா என்று பெயரிட்டார்கள். பின்னர் அதே இடத்தில் ஓர் ஆண் கிடைத்தது. அது நெஃபிலா ஆணைப் போலக் குட்டையாக இல்லை; ஏறக்குறைய பெண்ணின் அளவுக்கே இருந்தது. உறுப்புகளும் ஒத்துப்போகவில்லை. 2013இல் அதே ஆய்வாளர்கள் தங்கள் முடிவைத் தாங்களே திருத்தி, மங்கோலராக்னே என்ற புதுப் பேரினமும் அதற்கென ஒரு குடும்பமும் அமைத்தார்கள். தாங்கள் சூட்டிய, உலகப் புகழ்பெற்ற ஒரு பெயரைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

வலை ஏன் பொன்னிறம்? அந்த நூலில் துணி நெய்ய முடியுமா?

நூலில் நிறமிகள் இருக்கின்றன. வெயிலில் மஞ்சளாக மின்னித் தேனீக்களை ஈர்க்கவும், நிழலில் இலைப் பச்சையோடு கலந்து மறையவும் அது உதவுகிறது என்பது கிளாவிப்பெஸ் இனத்தை ஆராய்ந்தவர்களின் விளக்கம்.

துணி நெய்திருக்கிறார்கள். மடகாஸ்கரில் சைமன் பியர்ஸ், நிக்கோலஸ் காட்லி இருவரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் சிலந்திகளைப் பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நூலை இழுத்து எடுத்துவிட்டு, காட்டிலேயே திரும்ப விடச் செய்தார்கள். அந்தத் துணி 2009இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. பின்னர் நெய்த தோளாடை 2012இல் லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தது. சாயம் எதுவும் ஏற்றவில்லை. அந்தப் பொன்னிறம் சிலந்தி கொடுத்ததே. பட்டுப்புழுவைப் போல இவற்றைக் கூட்டமாக வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் தறி வியாபாரமாக மாறவில்லை.

கடித்தால் ஆபத்தா?

வலிக்கும், சிவக்கும். ஆரோக்கியமான மனிதருக்கு உயிராபத்து இல்லை. கையில் பிடித்து அழுத்தினால் ஒழியக் கடிக்க வராது. சிறு பறவைகளும் வௌவால்களும் இந்த வலைகளில் சிக்கியதற்குப் பதிவுகள் உண்டு; ஆனால் அன்றாட உணவு பூச்சிகள்தான்.

வாசலுக்குக் குறுக்கே கட்டிவிட்டது. என்ன செய்வது?

ஒட்டடைக் குச்சியை எடுக்காதீர்கள். நீண்ட குச்சியில் சிலந்தியை ஏறவிட்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு புதரில் விடுங்கள். நடைபாதைக்கு மேலே இருந்தால் குனிந்து போங்கள்.

இனத்தை உறுதிசெய்யப் படம் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே படம் போதாது. முதுகுப்பக்கம் ஒன்று, வயிற்றின் அடிப்பக்கம் ஒன்று, கால் மூட்டுகள் தெரிய ஒன்று. வலைக்கு மறுபக்கம் சுற்றிப் போனால் அடிப்பக்கம் தானாகக் கிடைக்கும். ஏதாவது ஓர் அளவுகோல் அருகில் இருக்கட்டும், விரலே போதும். இடமும் தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். வலையை ஒருமுறை, வெயிலுக்கு எதிராக நின்று, சாரக் கோடுகள் தெரியும்படி எடுங்கள். பலர் சிலந்தியை மட்டும் எடுத்துவிட்டு வலையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு வரும் படங்களில் நான் முதலில் தேடுவது அந்த நான்கு கோடு நோட்டைத்தான்.